வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது

எங்கள் அப்பா ஆயுளில் ஒரு வாடகை ஒப்பந்தம்கூட எழுதியதில்லை. மண்டபம் பஜாரை ஒட்டி அவருக்கு ஒரு மளிகைக்கடை. கடைக்குப் பின்னால் நாங்கள் இருந்த வீடு. வீட்டின் இரண்டு பக்கமும் தாத்தா காலத்தில் கட்டிய சின்னச் சின்ன போர்ஷன்கள். வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். வாடை அடித்தாலும் சோளகம் அடித்தாலும் உப்பு வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்துகொள்ளும். அந்த போர்ஷன்களின் வாடகை கடையின் பற்று நோட்டிலேயே ஒரு வரியாகப் போகும். துவரம்பருப்பு, நல்லெண்ணெய், பீடிக்கட்டு, வாடகை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வாடகை எது, பருப்பு எது என்று பிரிக்க முடியாது. அப்பா பிரிக்க விரும்பியதும் இல்லை.

குடிவந்தவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். தெரியாதவர்களுக்கு வீடு கொடுப்பது என்பதே அந்தக் காலத்து மண்டபத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை. அந்த ஊருக்குத் தெரியாதவர்கள் வந்தால் ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் வந்திருப்பார்கள், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார்கள்.

நான் பிறப்பதற்கு முன் கீழ்ப்பக்கத்து போர்ஷனில் இருந்தது தனுஷ்கோடிக் குடும்பம். தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை, அவர் வீட்டுக்காரர், பிள்ளைகள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்கச்சாவடி, கோயில் எல்லாம் போயின. பாம்பன் ரயில் பாலமும் உடைந்து கிடந்ததால் அவர்கள் வத்தையில்தான் இக்கரைக்கு வந்தார்கள். அரசாங்கம் தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்துவிட்டது. தாத்தா வாடகை வாங்கவில்லை. அவர்களும் சும்மா இருக்க மனமில்லாமல் மாதாமாதம் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இந்தக் கதையை அப்பத்தா சொல்லும்போது புயல் சீக்கிரம் முடிந்துவிடும். கிணறுதான் நீளும். மண்டபத்து மணலில் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீர் கோடையில் உவர்த்துப்போகும்; அந்த நாளில் இரண்டு குடும்பம் ஒரு கிணற்றில் இறைத்தால் யார் முந்துவது என்பது பெரிய விஷயம். விடிகாலையில் எழுந்துபோனால் ஏற்கெனவே வாளி நனைந்திருக்கும். "காசு வாங்கியிருந்தா ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். கருவாட்டை வாங்கித் தின்னுட்டு என்னத்தைக் கேக்குறது?" என்பாள். ராமநாதபுரம் சீமையில் தண்ணீர் வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு அப்பத்தாவின் கோபம் புரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிற பெண்களை எங்கள் பக்கத்துச் சாலைகளில் பார்க்கலாம்.

மேலப்பக்கத்து போர்ஷனில் ரயில்வே மாமா. ராமநாதபுரத்தில் அப்பாவோடு படித்தவர், பாம்பனில் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வாடகை நாற்பது ரூபாய். நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் நாற்பது, மீசை முளைத்தபோதும் நாற்பது.

கூட்டிக் கேட்கச் சொல்லி அம்மா அப்பாவைக் குடைந்தெடுப்பாள். அப்பா கேட்காமலும் இல்லை. சாயங்காலம் கடை வாசல் பெஞ்சில் மாமா வந்து உட்கார்ந்ததும், "அரிசி விக்கிற விலையைப் பாத்தியா மாப்ளே?" என்று தொடங்குவார். அது வாடகைக்குப் போட்ட அடித்தளம் என்று அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாமாவுக்கு நிச்சயம் தெரியும். மாமா ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து, "எல்லாம் டெல்லிக்காரன் பண்ற வேலை" என்பார். அவ்வளவுதான். அரிசியிலிருந்து உணவுக் கழகம், உணவுக் கழகத்திலிருந்து இந்திரா காந்தி, இந்திரா காந்தியிலிருந்து கச்சத்தீவு. கச்சத்தீவுக்கு வந்துவிட்டால் பிறகு வாடகைக்குத் திரும்ப வழி கிடையாது. 1974-ல் கொடுத்தது சரியா, 1976-ல் போட்ட இரண்டாவது ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமை போயிற்றா, அந்தோணியார் திருவிழாவுக்குப் போக யார் அனுமதி தர வேண்டும் என்று கடை சாத்துகிற வரை ஓடும். பாதியில் இரவு 9.15 மணி பிபிசி தமிழோசை வந்து இன்னும் கொஞ்சம் விறகு போடும்.

ரோட்டுப் பாலம் மாமாவின் தனிப் பாடம். 1974-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய பாலம், எங்கள் சின்ன வயசு முழுக்கக் கடலுக்குள் தூண்களாகவே நின்றது. "கட்ட மாட்டான். ரோடு வந்தா ரயில்ல எவன் ஏறுவான்?" என்று பெஞ்சில் அடித்துச் சொல்வார். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பாலத்தில் நடந்து பார்த்துவிட்டு வந்த மாமா, அதே பெஞ்சில் உட்கார்ந்து, "கட்டிட்டான். நிக்குமான்னு பாக்கணும்" என்றார்.

இதையெல்லாம் வெகுநாள் நான் அரசியல் ஆர்வம் என்றே நினைத்திருந்தேன். இருவருமே தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவர்கள்தான். ஆனால் இரண்டு நாட்டுக் கடல் எல்லையைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லக் கூசாதவர்கள், பத்து ரூபாயைப் பற்றி நேருக்கு நேர் பேசக் கூசினார்கள். நாட்டு நடப்பில் பாதியை வாடகையைப் பேசாமல் இருப்பதற்காகவே பேசினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

தனுஷ்கோடிக் குடும்பம் தங்கச்சிமடத்தில் இடம் பார்த்துப் போன பிறகு கீழ்ப்பக்கம் சில காலம் மீன் கம்பெனிக் கணக்கரிடமும், ஒரு படகு ஓட்டுநரிடமும் இருந்தது. மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்கு வீடு விட்டால் வாடகை மாதக் கணக்கில் வராது, பாடு கிடைக்கிற கணக்கில் வரும். பிற்காலத்தில் சட்டம் போட்டுத் தடைக்காலம் வந்த பிறகு கணக்கு இன்னும் தெளிவாகிவிட்டது: முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை வாடகை என்று ஒன்று இருப்பதையே எங்கள் கடற்கரை மறந்துவிடும்.

பிறகு மன்னார்க் குடும்பம் வந்தது.

மண்டபம் கேம்ப் என்கிற இடமே இலங்கைக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் நிறுத்தி வைப்பதற்காக உண்டானது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்ட பிறகு, அதே கூலிகளின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, இங்கே தங்கி, நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் போனார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள் அகதிகள். கையில் கொஞ்சம் காசும் வெளியே தெரிந்தவர்களும் இருந்தவர்கள் போலீஸில் பதிந்துவிட்டு வாடகை வீடு பார்த்துக்கொண்டார்கள். கப்பல் ஓடிய காலத்தில் தாத்தாவோடு சோப்பும் தேங்காயெண்ணெயும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒருவரின் மகன், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் எங்கள் கடை வாசலில் வந்து நின்று தகப்பன் பெயரைச் சொன்னார். அன்றைக்கே கீழ்ப்பக்கத்துச் சாவி கொடுக்கப்பட்டது.

அவர் அப்பாவை 'அண்ணை' என்பார். அம்மா அவரைத் 'தம்பி' என்பாள். அவர் வாங்கிப் போட்ட ஒரு கறுப்பு வெள்ளை டெலிவிஷனுக்கு, வீட்டு உயரத்துக்கு மேல் ஒரு குழாயை நட்டு ஆன்டெனா கட்டினோம். கொழும்பு ரூபவாஹினி எங்களுக்கு மெட்ராஸைவிடத் தெளிவாக வந்தது. கிரிக்கெட் நாட்களில் தெருவே கீழ்ப்பக்கத்துத் திண்ணையில் இருக்கும். மேட்ச் முடிந்ததும் பெஞ்சுக்கு நகர்ந்து ஈழப் பிரச்சினையைத் தீர்ப்பார்கள். 1987 ஒப்பந்தம் நல்லது என்றார்கள், அமைதிப்படை போனது சரி என்றார்கள், சில மாதத்தில் தப்பு என்றார்கள், 1990-ல் படை திரும்பியபோது அப்போதே சொன்னேனே என்றார்கள். யார் எந்த இயக்கம், யாருக்கு யார் பகை என்பதெல்லாம் பாம்பன் தாண்டாதவர்களுக்கும் மனப்பாடம். தன் ஊரைப் பற்றி இத்தனை பேர் இத்தனை தீர்மானமாகப் பேசிக்கொண்டிருக்க, அந்த மனிதர் மட்டும் கல்லாவுக்கு அருகில் வந்து, "அண்ணை, சீனி என்ன விலை?" என்று கேட்பார். அவரிடம் யாராவது கருத்துக் கேட்டால், "நீங்கள்தான் நல்லாக் கதைக்கிறீங்கள்" என்று சிரிப்பார். அவர்தான் வாடகையை ஒன்றாம் தேதி காலையில், பற்று நோட்டில் ஏற்ற விடாமல், கையில் கொடுத்தவர்.

1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்கு மறுநாள் கடைகள் எல்லாம் அடைப்பு. சில நாளில் போலீஸார் வீடு வீடாக வந்து இலங்கைக்காரர் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் போனார்கள். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டிலும் பெயர், வயசு, எப்போது வந்தார்கள், யார் பொறுப்பு என்று கேட்டார்கள். யார் பொறுப்பு என்ற இடத்தில் அப்பா பெயர் எழுதப்பட்டது. பெஞ்சில் கருத்து ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர்களே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு, எதுக்கு வம்பு என்றார்கள். ரயில்வே மாமா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அப்பா போகச் சொல்லவில்லை. ஒருநாள் மாலை கீழ்ப்பக்கத்து வாசலில் நின்றபடியே, "சுவரெல்லாம் உப்புப் பூத்துப்போச்சு தம்பி. வெள்ளையடிக்க வேண்டியிருக்கு" என்றார்.

அவர் சுவரைப் பார்த்தார். "ஓம் அண்ணை. அடிக்கத்தான் வேணும்" என்றார். அந்த வாரக் கடைசியில் கேம்ப்பில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, டெலிவிஷனை யாருக்கோ விற்று, மாதம் முடியாவிட்டாலும் முழு மாத வாடகையை வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளே அப்பா சுண்ணாம்பு ஊறப் போட்டு, ஆள் வைக்காமல் தானே மட்டையைப் பிடித்து நாலு சுவரையும் அடித்தார். அப்படிச் சொல்லிவிட்டதால் அடித்துத்தான் ஆக வேண்டும் என்பதுபோல இருந்தது. போர்ஷன் வெகுநாள் காலியாகக் கிடந்தது. கேம்ப்பிலிருந்து அந்த அக்கா கடைக்கு வருவார்; வெளியே வந்துபோவதற்கு அப்போது நேரக் கட்டுப்பாடு. அம்மா எடையில் கொஞ்சம் கூடப் போடுவாள். அவர் அதைத் திரும்பக் கொட்டிவிட்டு, கேட்ட அளவுக்கே காசு கொடுப்பார். 1992-ல் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது அவர்களும் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லது செய்தார் என்று எழுதவும் கை வரவில்லை. தெரிந்தவருக்கு வீடு கொடுத்தவன், தெரிந்தவரைப் போகச் சொல்லும்போது சுவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. முகம் தெரியாத வீட்டுக்காரராக இருந்திருந்தால் மூன்று வரியில் நோட்டீஸ் கொடுத்திருப்பார். எது மோசம் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. 2021-ல் அகதிகள் முகாமுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அடுத்த வருஷம் மார்ச் மாதம், இலங்கையில் அரிசி, பால்மாவு விலை எட்டாமல் போய், தனுஷ்கோடிப் பக்கத்து மணல்திட்டில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களையும் அதே கேம்ப்பில்தான் தங்க வைத்தார்கள். பெஞ்சு அப்போது இல்லை. இருந்திருந்தால் ரணில், கோத்தபய, சீனக் கடன் என்று நன்றாக ஓடியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராமநாதபுரத்தில் வீடு தேடிப் போகிறவனை முதலில் கேட்பது "எந்த ஊரு தம்பி?" அடுத்தது "ஊர்ல எந்தத் தெரு?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் வீட்டுக்காரருக்கு வேண்டியது கிடைத்துவிடும். என்னோடு வேலை பார்த்த பரமக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு, போர்டு தொங்கிய வீடுகளிலேயே "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்ற பதில் கிடைத்தது. அடுத்த வாரமும் அதே போர்டு தொங்கியது. தெரிந்தவர்களுக்குத்தான் கொடுப்போம் என்கிற எங்கள் ஊர்ப் பெருந்தன்மைக்குக் கீழே இதுவும் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் சமத்துவம் பற்றி வாட்ஸப்பில் தினமும் எழுதுகிறவர்.

அப்பாவுக்குப் பிறகு நானும் வீட்டுக்காரன் ஆனேன். ராமநாதபுரம் பாரதி நகர்ப் பக்கம் கட்டிய வீட்டை, மதுரைக்கு மாற்றலானபோது கூடப் படித்தவனுக்குக் கொடுத்தேன். இறால் வியாபாரம் அவனுக்கு. ஒத்திக்குக் கேட்டான். தெற்கத்தி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சில லட்சத்தை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியேறினால் வாடகை கிடையாது, பணத்துக்கு வட்டியும் கிடையாது, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வர வேண்டும். அந்த 'வர வேண்டும்' என்பதில்தான் எத்தனையோ சொந்தங்கள் அறுந்திருக்கின்றன. வாங்கிய பணம் மகள் கல்யாணத்தில் கரைந்திருக்கும். திருப்ப அடுத்த ஒத்திக்காரரைத் தேட வேண்டும். என் மனைவி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். மாத வாடகை ஆறாயிரம் என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டதோடு சரி, எழுதவில்லை.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு, பெரிய நோட்டுகள் இனிச் செல்லாது என்று பிரதமர் பேசினார். மறுநாள் மத்தியானம் நண்பன் மதுரைக்கே பஸ் ஏறி வந்துவிட்டான். கறுப்புப் பணத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது, நாட்டுக்காகக் கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன என்று காபி குடித்தபடி அரைமணி நேரம் பேசினான். போகும்போது ஒரு வருஷ வாடகையை முன்பணமாகக் கொடுத்தான். எல்லாம் பழைய ஐநூறு. வங்கி வரிசையில் நின்று அதை மாற்றிய நாட்களில் எனக்கும் அந்த விஷயத்தில் சில கருத்துகள் உண்டாயின.

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. 1960-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. எங்கள் தெருவில் பதிந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். நண்பன் அதில் வீட்டுக்காரருக்குச் சாதகமான பிரிவுகளையெல்லாம் போனில் கண்டித்தான்.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. டாக்டர்களும் மாணவர்களும் வீடு தேடத் தொடங்க, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாடகையைப்போல் இரண்டு மடங்கு வாங்கினார். எங்கள் ஆறாயிரம் ஆறாயிரமாகவே நின்றது. நான் போன் செய்து, "பெட்ரோல் விலையைப் பாத்தியாடா?" என்று தொடங்குவேன். சொன்ன மாத்திரத்தில் அப்பாவின் குரல் என் காதிலேயே விழும். அவன் உக்ரைனுக்குப் போய்விடுவான்.

2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாம்பன் பாலம் திறந்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் மறுபடி ராமேஸ்வரம் போயிற்று. மண்டபத்து போர்ஷன்களை இடித்துக் குளிர்சாதன அறைகளாக்கி, வடநாட்டு யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று என் மச்சினன் கணக்குப் போட்டுக் காட்டினான். நாள் வாடகையில் பேச்சு இல்லை, பற்று இல்லை, காலையில் வந்து மறுநாள் போய்விடுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்னும் இடிக்கவில்லை.

அந்த வருஷ ஆகஸ்ட் கடைசியில் நானும் மனைவியும் பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் அடித்து எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் போனோம். வாடகை என்ற இடத்தில் தொகையை எழுதாமல் விட்டிருந்தேன். நண்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தான். "தெரிஞ்சவனுக்குள்ள எதுக்குடா பத்திரம்?" என்று கேட்டுவிட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைத் தொடங்கினான். இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருந்தார்கள். இறாலுக்கு அது இடி. ஆந்திரப் பண்ணைக்காரன் என்ன ஆவான், கம்பெனிக்காரன் எங்களிடம் விலையை எப்படி இறக்குவான், டிரம்ப் ஏன் இப்படிச் செய்கிறார் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். இந்த முறை பேச்சில் பொய் கிடையாது. அவன் தொழிலே அதில் மாட்டியிருந்தது. இந்த நேரத்தில் இவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அடுப்படியில் அவன் மனைவி என் மனைவியிடம் சொல்வது நன்றாகக் கேட்டது. "மதினி, பக்கத்துல பன்னெண்டாயிரம் வாங்குறாக. எங்களுக்கு இப்ப அவ்வளவு முடியாது. ஆயிரத்தைந்நூறு கூட்டித் தர்றோம். ஆனா அந்தத் தண்ணி மோட்டார் நாலு மாசமா தகராறு. மாத்திக் குடுங்க."

"சரி. அடுத்த மாசத்துலருந்து குடுங்க" என்றாள் இவள்.

காபி வந்தபோது தொகையும் வந்தது. நான் தாளில் எழுதினேன். நண்பன் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து, சற்று யோசித்து, மோட்டார் விஷயத்தையும் பத்திரத்தில் ஒரு பிரிவாகச் சேர்த்தால்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றான்.